எக்ஸைப் போட்டால் ஒய் வரும்!

புதுச்சேரிக்காரர்களுக்கு கிராஃப் ஷீட் ஒன்றும் புதுசில்லை. அதன் மேல்தான் குடியிருக்கிறோம்.

தெருக்களைப் பாருங்கள். வடக்கு தெற்காகக் கொஞ்சம், கிழக்கு மேற்காகக் கொஞ்சம், எல்லாமே ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி. 1693-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடுங்கிய டச்சுக்காரர்கள் ஆறு வருஷம்தான் இங்கே இருந்தார்கள். அவர்கள் போட்ட கட்டம்தான் இந்தத் தெருக்களுக்கெல்லாம் அடிப்படை. நடுவில் ஓடும் (ஓடும் என்பது ஒரு மரியாதைக்கு) பெரிய வாய்க்காலை ஒய் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறுக்கே இருக்கிற நேரு வீதி எக்ஸ் அச்சு. கடற்கரை காந்தி சிலை பிளஸ் பக்கம், குபேர் அங்காடி மைனஸ் பக்கம். மீன் வாங்கப் போகிற வெள்ளைக்கார வீதிக்காரர்கள் தினமும் மைனஸுக்குப் போய் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில், எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு கிராஃப் புரியவில்லை.

2024 ஜூலையில் அவளுடைய அம்மா என்னிடம் வந்து நின்றார். "சார், நீங்க பி.காம்.தானே? இவளை மேத்ஸ் குரூப்லேர்ந்து எடுத்து காமர்ஸ்ல போட்டுடலாமா?"

என்னமோ காமர்ஸில் கணக்கே கிடையாது என்பது போலவும், அதற்கு நானே சாட்சி என்பது போலவும் கேட்டார். இருந்தாலும் அவருடைய கவலை நிஜம். அதற்குள் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன், சி.பி.எஸ்.இ.க்கு மாறியிருந்தது. பெண் பத்தாவது வரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், தமிழ் மீடியம். 'சார்பு' என்று படித்தது ஃபங்ஷன் ஆகிவிட்டது. 'மதிப்பகம்' டொமைன் ஆகிவிட்டது. ஃபங்ஷன் என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு.

"பத்தாவதுல கிராஃப் போட்டிருப்பியே?"

"எட்டு மார்க் அங்கிள். ஃபுல்லா வாங்கினேன்."

வாங்கியிருக்கிறாள். எப்படி என்று கேட்டால் மளமளவென்று சொல்கிறாள். முதல் வரியில் எக்ஸ், மைனஸ் நாலிலிருந்து பிளஸ் நாலு வரை. அடுத்த வரியில் எக்ஸ் ஸ்கொயர். அதற்குக் கீழே மற்றவை. கூட்டினால் ஒய். புள்ளி வை, கை நடுங்காமல் சேர், மூலையில் அளவுத்திட்டம் எழுது, 'பரவளையம்' என்று பெயர் போடு. எட்டு மார்க்.

"அது ஏன் வளையுது?"

பதில் இல்லை. வளைய வேண்டும் என்று சொன்னார்கள், வளைத்தாள். இப்போது பிளஸ் ஒன்னில் டேபிள் போடாமல், பார்த்த மாத்திரத்தில் தோராயமாக வரையச் சொல்கிறார்கள். தடுமாற்றம் அங்கேதான்.

அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அட்டவணையை வைத்தே காரியத்தை முடிப்பதில் இந்த ஊருக்கு இருநூறு வருஷப் பெருமை இருக்கிறது. ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி, நம்முடைய பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'காலசங்கலித' என்று ஒரு தடிப் புத்தகம் எழுதினார். சென்னையில் 1825-ல் வெளியானது. அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, அந்த வருஷம் மே 31, ஜூன் 1 ராத்திரி வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். பேப்பர் இல்லை, பேனா இல்லை. அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். எண்களையெல்லாம் அசைகளாகவும் வார்த்தைகளாகவும் மாற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வாய் முணுமுணுக்க, கை சோழியை நகர்த்த, கிரகணம் வந்துவிட்டது. தொடக்கத்தில் 4 நிமிஷம்தான் வித்தியாசம். நடுவில் 23, முடிவில் 52. பிற்பாடு கணித வரலாற்று மேதை ஓட்டோ நாய்கெபாவர் வரைக்கும் இதை வியந்து எழுதியிருக்கிறார். வாரன் பதிவு செய்த முக்கியமான சங்கதி, அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு அதன் பின்னால் இருந்த வானியல் தத்துவம் ஒன்றும் தெரியாது என்பது. விடை வரும். ஏன் வருகிறது என்பது அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

அதாவது, எட்டு மார்க்.

*

எங்கள் அக்கா பையன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஃபார்முலாவை டைப் அடிச்சா படம் வரணும்டா. அவ்ளோதான்."

"ப்பூ, இருபது வரி மாமா" என்றான். பையன்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

படம் வரைகிற பாகம் நிஜமாகவே இருபது வரிதான். திரையில் 600 புள்ளி அகலத்துக்கு ஒரு சட்டம். அதில் எக்ஸ் மைனஸ் பத்திலிருந்து பிளஸ் பத்து வரை. ஆக, ஒரு புள்ளி நகர்ந்தால் எக்ஸ் முப்பதில் ஒரு பங்கு நகரும். ஒவ்வொரு எக்ஸுக்கும் ஃபார்முலாவில் போட்டு ஒய்யைக் கண்டுபிடி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் குட்டிக் கோட்டால் சேர். அந்தப் பெண் ஒன்பது புள்ளி வைத்துச் செய்ததை கம்ப்யூட்டர் அறுநூறு வைத்துச் செய்கிறது. வேறு மாயமில்லை. ஒரே ஒரு கூத்து, திரைக்கு பூஜ்யம் மேல் இடது மூலையில் இருக்கிறது. ஒய் அதிகமானால் கீழே இறங்கும். திருப்பிப் போடாவிட்டால் மலையெல்லாம் பள்ளம்.

பைத்தானில் எழுதினான். பைத்தான் இப்போது ஸ்கூல் சமாச்சாரம். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடமே அதை வைத்துப் படம் போடுவதுதான். ஜான் ஹன்டர் என்கிற ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்ப்பதற்காக எழுதி 2003-ல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் அங்கே பாடமாக இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். பையனுக்குத் தன் கையாலேயே கோடு போட ஆசை. விட்டுவிட்டேன்.

ஒரே சாயங்காலத்தில் முடித்து, கறுப்புத் திரையில் ஒரு வரி டைப் அடித்துக் காட்டினான். பரவளையம் ஜோராக வந்தது.

"இதை அந்தப் பொண்ணு அடிக்கணுமா?"

"ஆமா."

"பெட்டி எங்கே? பட்டன் எங்கே?"

"அதெல்லாம் டெக்கரேஷன் மாமா."

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் பேங்க்கில் செலான் பூர்த்தி செய்யத் தெரியாமல் நிற்கிறவர்களை நிறையப் பார்த்தவன். பணம் இருக்கும், கணக்கு இருக்கும், பேனாவும் கயிற்றில் தொங்கும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதுதான் பிரச்னை. ஆகவே பெட்டியும் பட்டனும் வந்தாக வேண்டும் என்று உறுதியாக நின்றேன். வந்தது. மேலே 'ஒய் =' என்று ஒரு பெட்டி, பக்கத்தில் 'வரை' என்று ஒரு பட்டன், கீழே படம்.

மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டோம். இருபது வரி நூற்றைம்பது வரியான கதை அன்றுதான் ஆரம்பம்.

முதலில் '2எக்ஸ்' என்று அடித்தாள். இயந்திரம் இங்கிலீஷில் சிவப்பாகத் திட்டியது. பெருக்கல் குறி வேண்டுமாம். அடுத்து எக்ஸ் ஸ்கொயருக்கு தொப்பிக் குறி போட்டாள். பைத்தானில் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரம். தொப்பிக்கு அர்த்தமே வேறு. மறுபடி சிவப்பு. மூன்றாவதாக சைன் எக்ஸ், அடைப்புக்குறி போடாமல். சிவப்பு.

அந்தப் பெண் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். "ஸாரி அங்கிள், எனக்கு இது வராது."

பையன் விளக்க வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன். அவள் அடித்தது ஒவ்வொன்றும் அவளுடைய கணக்குப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிற மாதிரியேதான் அடித்தாள். கணக்கு வாத்தியார் டிக் போட்டிருப்பார். தப்பு என்று சொன்னது மெஷின். ஆனால் மன்னிப்புக் கேட்டது யார்? இப்படி மூன்று தடவை சிவப்பைப் பார்த்த பிள்ளை, 'எனக்குக் கணக்கு வராது' என்று நாலாவது தடவை தானாகவே முடிவு கட்டிவிடும். காமர்ஸ் விண்ணப்பம் வேறு தயாராக இருக்கிறது.

அடுத்த ஒரு வாரம் பையனுக்கு வேலை அந்தப் பெட்டியோடுதான். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து வந்தால் நடுவில் பெருக்கலைத் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். தொப்பியும் சரி, இரண்டு நட்சத்திரமும் சரி. சைன் எக்ஸுக்கு அடைப்புக்குறியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். 'சைன் 2எக்ஸ் + 1' என்றால் சைன் எதோடு முடிகிறது? மனுஷனுக்குக் கண்ணாலேயே தெரிகிறது. மெஷினுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க முப்பது வரி. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெட்டியில் எதை எழுதினாலும் அப்படியே நிறைவேற்றிவிடுகிற ஒரு குறுக்கு வழி பைத்தானில் உண்டு. யாராவது விஷமி ஃபார்முலாவுக்குப் பதில் 'எல்லா ஃபைலையும் அழி' என்று எழுதினால் சிரத்தையாக அழித்துவிடும். எனவே எண்கள், எக்ஸ், நாலு கணக்குக் குறிகள், அடுக்கு, அடைப்புக்குறி, சைன், காஸ், டேன், லாக், ரூட் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்று வாசலில் ஆள் போட்டான்.

திட்டுவதையும் மாற்றினோம். இப்போது சிவப்பு கிடையாது. 'ஒரு அடைப்புக்குறி மூடவில்லை, பார்க்கவும்' என்று தமிழில், சாதுவாகச் சொல்லும்.

*

இதே மாதிரி படம் போடும் சாப்ட்வேர் ஒன்றுக்காகத் திருட்டுத்தனமாக வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். திருடப் போகவில்லை சார், வேலை செய்யப் போனார்கள்!

அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி. ரான் அவிட்சர் என்பவர் அங்கே கான்ட்ராக்ட்டில் இருந்தார். 1993 ஆகஸ்டில் அவருடைய ப்ராஜெக்ட்டை ரத்து செய்துவிட்டார்கள். சம்பளம் நின்றது. ஆனால் வாசல் கதவைத் திறக்கும் அட்டை வேலை செய்தது. தினம் வந்தார். காலி அறையில் உட்கார்ந்து, ஃபார்முலாவைப் போட்டால் படம் போடும் 'கிராஃபிங் கால்குலேட்டரை' எழுதினார். நண்பர் கிரெக் ராபின்ஸும் தன் கான்ட்ராக்ட் முடிந்ததும் சேர்ந்துகொண்டார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், பைசா கிடையாது. ஒரு கட்டத்தில் கண்டுபிடித்து, அட்டையை முடக்கினார்கள். அதற்கப்புறம் யாராவது கதவைத் திறக்கும்போது அவர்கள் பின்னாலேயே நுழைந்தார்கள். உள்ளே இருந்த ஊழியர்கள் ரகசியமாக உதவினார்கள். சாதாரண ஜனங்களை உட்கார வைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துத் திருத்துகிற அளவுக்கு உதவி. 1994-ல் வந்த புது மெக்கின்டாஷ்களில் ஆப்பிளே அதைச் சேர்த்து அனுப்பியது. பிறகு இரண்டு கோடி மெஷின்களுக்கு மேல் போய்ச் சேர்ந்தது என்று அவிட்சரே எழுதியிருக்கிறார்.

என் அக்கா பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "சம்பளமில்லாமலா?" என்றான். காலம் மாறிவிட்டது.

கம்ப்யூட்டர் போடும் படத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். டேன் எக்ஸைப் போடுங்கள். 90 டிகிரிக்கு ஒரு நூல் முன்னால் ஒய் ஆகாயத்தில் இருக்கும், ஒரு நூல் பின்னால் பாதாளத்தில். மெஷின் இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கொடிக்கம்பம் நட்டுவிடும். அப்படி ஒரு கோடே கிடையாது. ஆகாயத்துக்கும் பாதாளத்துக்கும் ஒரே தாவலாகத் தாவினால் பேனாவைத் தூக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சைன் 90 என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடம் ஒன்று என்கிறது. கம்ப்யூட்டர் 0.894 என்கிறது. அது ரேடியனில் யோசிக்கும் ஜாதி. ஆகவே 'டிகிரி', 'ரேடியன்' என்று இரண்டு பட்டன். டிகிரியை அமுக்கினால் எக்ஸ் அச்சும் 360 வரை நீள வேண்டும். இல்லாவிட்டால் பத்து டிகிரி வரைக்கும் சைன் அலை, அலையே இல்லாமல் கிட்டத்தட்ட நேர்கோடாகப் படுத்திருக்கும்.

எல்லாவற்றையும் விட அழகான பொய் ஒன்று உண்டு. ரேடியனை அமுக்கி, சைன் அலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே போங்கள். முப்பதில் ஒரு பங்குக்குள் ஒரு முழு அலை அடங்கும் நிலை வரும்போது, மெஷின் பார்க்கிற அறுநூறு இடத்திலும் அலை சரியாக பூஜ்யத்தில் இருக்கும். திரையில் தட்டையாக ஒரு கோடு! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுகிறதே, அதன் தம்பிதான் இது. நடுவில் நடந்ததை அது பார்க்கவே இல்லை.

*

பெட்டி ஒழுங்காகப் பேச ஆரம்பித்த பிறகு ஸ்லைடர் வைத்தோம். இருபடிச் சமன்பாட்டில் ஏ, பி, சி என்று மூன்று எண் வருமே, அதற்கு மூன்று நகர்த்தும் பட்டைகள். ரேடியோவில் சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி.

பெண் ஏ-யைப் பிடித்து இழுத்தாள். வளைவு ஒல்லியாகியது. திரும்ப இழுத்தாள், குண்டாகியது. இன்னும் இழுத்தாள், கவிழ்ந்தது. "ஹை!" என்றாள். மறுபடி மெதுவாக நகர்த்தி, கவிழ்கிற இடத்துக்கு நடுவில் நிறுத்தினாள்.

"அங்கிள், பூஜ்யத்துல நேர்கோடாயிடுது."

"ஆமா."

"அப்ப இருபடியே இல்லையே அது..." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அதான் புக்ல ஏ பூஜ்யம் ஆகக்கூடாதுன்னு போட்டிருக்காங்களா?"

அந்த நிபந்தனையை அவள் பத்தாவதில் நூறு தடவை எழுதியிருப்பாள். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அன்றுதான் தோன்றியிருக்கிறது.

சி-யை நகர்த்தினால் வளைவு லிஃப்ட் மாதிரி மேலே, கீழே. பி-தான் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தது. பக்கவாட்டில் நகரும் என்று எதிர்பார்த்தோம். நகர்ந்தது, ஆனால் நகர நகரக் கீழே சறுக்கியது. எதிர்ப் பக்கம் இழுத்தால் ஏறி வந்து, மறுபடி சறுக்கியது. "பழைய கோட்டை அழிக்காதீங்க அண்ணா, லேசா விட்டு வையுங்க" என்றாள் பெண். பையன் பழைய கோடுகளைச் சாம்பல் நிறத்தில் விட்டான். பார்த்தால், வளைவுகளின் நுனிப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து தலைகீழாக இன்னொரு பரவளையத்தை வரைந்திருந்தன! பையன் பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தான். நுனியின் எக்ஸ், மைனஸ் பி பை டூ ஏ. அதை வைத்து ஒய்யையும் கண்டுபிடித்து பி-யை நீக்கினால், ஆமாம், கவிழ்ந்த பரவளையம்தான். நாலு வருஷ இன்ஜினீயரிங்கில் அவன் அதைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த வாசகர்கள் கையைத் தூக்குவார்கள். 'ஜியோஜிப்ரா இருக்கிறதே, டெஸ்மாஸ் இருக்கிறதே, எதற்கு இந்த வேண்டாத வேலை?' நியாயம். ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001-ல் ஆரம்பித்த ஜியோஜிப்ரா இன்று உலகம் பூரா இருக்கிறது. தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகங்களிலேயே 2018-க்குப் பிறகு, 'இணையச் செயல்பாடு' என்று பெட்டி கட்டி, கியூ.ஆர். கோடு போட்டு அதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். உத்தமமான காரியம். அந்தப் பெட்டியை நம் பெண்ணும் பார்த்திருக்கிறாள். "அது பரீட்சைக்கு வராது அங்கிள்" என்று தாண்டிப் போயிருக்கிறாள். தவிர, வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. எங்கள் சரக்கு பையனுடைய பழைய லேப்டாப்பில், நெட் இல்லாமல் ஓடும். ஜியோஜிப்ரா செய்வதில் நூற்றில் ஒரு பங்குகூடச் செய்யாது. ஆனால் இதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். பாதிக்கு மேல் அவள் அடித்த சிவப்பிலிருந்து வந்ததுதானே!

எனக்கும் லாபம் உண்டு. எங்கள் தெருமுனை டீக்கடையில் வாடகை, ஆள் கூலி என்று ஒரு நாளைக்கு 900 ரூபாய் எப்படியும் போய்விடும். டீக்கு நாலு ரூபாய் நிற்கும். பெட்டியில் '4எக்ஸ் - 900' என்று அடித்து லேப்டாப்பைக் கடைக்காரரிடம் காட்டினேன். கோடு 225-ல் அச்சைத் தாண்டி மேலே வந்தது. "இருநூத்தி இருபத்தஞ்சு டீ வரைக்கும் நான் வாடகைக்காரனுக்குத்தான் ஆத்துறேன்னு சொல்லுங்க" என்றார். எங்கள் காமர்ஸ் பாஷையில் இதன் பெயர் பிரேக் ஈவன். இவ்வளவு பளிச்சென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கணக்கை அச்சுகளுக்குள் கொண்டுவந்த புண்ணியம் பிரெஞ்சுக்காரர் டெகார்ட்டுக்கு, 1637-ல். (படுக்கையில் படுத்தபடி கூரையில் ஈ ஊர்வதைப் பார்த்து யோசித்தார் என்பார்கள். நல்ல கதை, ஆதாரம் கிடையாது.) ஆனால் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடாக வரைந்து 1786-ல் புத்தகமே போட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர். ஆகக்கூடி, வியாபாரக் கோட்டுப்படம் எங்கள் கட்சி!

பெண் மேத்ஸ் குரூப்பிலேயே இருந்துவிட்டாள். அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். காமர்ஸ் என்றால் டியூஷன் ஃபீஸ் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தார். பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். லேப்டாப் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. சாயங்காலமானால் மாடியிலிருந்து இவளும், கூடவே இரண்டு தோழிகளும் வருகிறார்கள். போன மாதம் ஒரு புதுக் கோரிக்கை வைத்தார்கள். பையனுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"என்ன மாமா வேணுமாம்?"

"படத்துக்குப் பக்கத்துல எக்ஸ், ஒய் டேபிளும் வரணுமாம்டா. டெஸ்ட்ல அதுக்குத் தனியா மார்க் இருக்காம்."